கிளாக்கரய்யா காப்பாற்றிய பெட்டி

செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்குக் கொழும்பிலிருந்து வந்த அழைப்பு மூன்று நிமிடம்கூட நீடிக்கவில்லை. பழுதான ஹார்ட் டிஸ்க்குகளிலிருந்து தகவல்களை மீட்கும் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் சிங்களத்தில் மிக மரியாதையாகப் பேசினார். ஆறு டிஸ்க்குகளையும் திறந்து பார்த்துவிட்டார்களாம். தண்ணீர் இறங்கியிருந்த நேரத்தில் மின்சாரம் பாய்ந்திருக்கிறது. எதையும் எடுக்க வழியில்லை. டிஸ்க்குகளைத் திருப்பி அனுப்புவதா, அங்கேயே அழித்துவிடுவதா என்று கேட்டார். திருப்பி அனுப்புங்கள் என்றான் ஜீவராஜ். ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே விளங்கவில்லை.

பதினொரு தோட்டங்களை நடத்தும் ஒரு கம்பனியின் ஹட்டன் பிராந்திய காரியாலயத்தில் அவன் கொம்பியூட்டர் பிரிவுக்குப் பொறுப்பாளன். பிரிவு என்றால் அவன் ஒருவன்தான். இரண்டு வாரங்களுக்கு முன் விடாமல் பெய்த மழையில் காரியாலயத்தின் பழைய ஓட்டுக் கூரை ஒழுகி, சர்வர் இருந்த அறைக்குள் நீர் இறங்கியது. அப்போது கரண்ட் இல்லை. கரண்ட் திரும்பி வந்தபோது அறையில் யாரும் இல்லை.

அதே மழையில்தான் டயகம பக்கத்து வெள்ளிக்கல் தோட்டத்தில், பணியக் கணக்கு என்று எல்லோரும் சொல்லும் கீழ்ப் பிரிவில், மலை சரிந்தது. பட்டப்பகலில் நடந்ததால் உயிர் போகவில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி மூன்று காம்பராக்கள் மண்ணுக்குள் போயின. மீதிச் சுவர்களில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. அறுபத்து மூன்று குடும்பங்களும் தோட்டப் பாடசாலையில் தங்கியிருந்தன. அவர்களுக்கு மேட்டு நிலத்தில் வீடு கட்டிக் கொடுக்க அரசாங்கம் சம்மதித்திருந்தது. நிபந்தனை ஒன்றுதான்: அந்தக் குடும்பம் அந்த லயத்தில்தான் குடியிருந்தது என்று தோட்ட நிர்வாகம் தன் குடும்பப் பதிவைப் பார்த்து உறுதிப்படுத்த வேண்டும். பெயர்ப் பட்டியல் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குள் பிரதேச செயலகத்துக்குப் போய்விட வேண்டும்.

நாற்பத்தொரு குடும்பங்களுக்குச் சிக்கல் இல்லை. வீட்டில் யாராவது ஒருவர் இப்போதும் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறார். அந்தப் பேர்கள் கொழும்புத் தலைமைக் காரியாலயத்திலும் உண்டு. மற்ற இருபத்திரண்டு குடும்பங்களில் வேலை செய்தவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள், அல்லது இறந்துவிட்டார்கள், பிள்ளைகள் வெளியூர்க் கடைகளில் நிற்கிறார்கள். அவர்கள் அங்கே குடியிருப்பதற்குக் குடும்பப் பதிவு ஒன்றுதான் சாட்சி. ஜீவராஜின் தங்கை ஜெயந்தினி அந்த இருபத்திரண்டில் ஒருத்தி. கல்யாணமாகி மூன்று வருடம் வத்தளையில் இருந்தாள். அடையாள அட்டை, வாக்காளர் பெயர் எல்லாம் அங்கேதான் பதிவானது. புருஷன் இன்னமும் அங்கே ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறான். அவள் இரண்டு பிள்ளைகளோடு, காலமாகிவிட்ட அப்பாவின் காம்பராவுக்குத் திரும்பி வந்து நாலு வருடம் ஆகிறது. திரும்பி வந்ததை ஒரே ஒரு இடத்தில்தான் எழுதியிருந்தார்கள்.

அந்த இடம் ஹட்டனில், நனைந்துபோன பெட்டிக்குள் இருந்தது.

முன்பு காரியாலயத்தில் நாலு சர்வர்கள் இருந்தன. பழசு, சத்தம், சூடு. இரண்டரை வருடத்துக்கு முன்னால் தலைமைக் காரியாலயம் ஒரு பெரிய இயந்திரத்தை வாங்கிக் கொடுத்து, நாலையும் அதற்குள்ளேயே தனித்தனி சர்வர்களாக ஓட வைக்கச் சொன்னது. ஜீவராஜ் ஒரு வாரத்தில் அதைச் செய்து முடித்தான். நல்ல வேலைதான். உள்ளே நாலும் ஒன்றையொன்று தொடாமல் ஓடின. கம்பனியின் உபகரணப் பட்டியலிலும் பழையபடி நாலு சர்வர், நாலு பெயர், நாலு இலக்கம். வருடாவருடம் சரிபார்க்க வருபவர் நாலுக்கும் சரி போட்டுவிட்டுப் போனார். பிரதி எடுத்து வேறு கட்டடத்தில் வைக்க ஒரு தனி டிஸ்க் வேண்டும் என்று ஜீவராஜ் கடிதம் எழுதியபோது, தலைமைக் காரியாலயத்தில் அவனுக்கு மேலே இருந்தவர் தொலைபேசியில் சிரித்தார். நாலு சர்வர் இருக்கிறதே, ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பிரதி எடு, ஒன்று விழுந்தாலும் மூன்று நிற்கும் என்றார்.

நாலும் ஒரே இரும்புக்குள் இருக்கின்றன, விழுந்தால் நாலும்தான் விழும் என்று ஜீவராஜ் ஒரு தடவை சொன்னான். இரண்டாவது தடவை சொல்லவில்லை. முதலாம் சர்வரிலிருந்து மூன்றாம் சர்வருக்குத் தினமும் பிரதி போக ஏற்பாடு செய்துவிட்டு, மாதாந்த அறிக்கையில் ‘பிரதி எடுக்கப்பட்டது’ என்று எழுதினான். ஒரே அலுமாரியில் மேல் தட்டில் இருந்ததைக் கீழ்த் தட்டிலும் வைப்பது போன்ற வேலை அது. அறிக்கையை யாரும் கேள்வி கேட்கவில்லை. தெரியாமல் செய்த பிழை என்று அவனால் சொல்லிக்கொள்ள முடியாது.

பழைய பதிவேடுகளும் இல்லை. எல்லாத் தோட்டத்துக் குடும்பப் பதிவேடுகளையும் ஸ்கேன் பண்ணி ஏற்றியது அவன்தான். வெள்ளிக்கல் தோட்டத்துப் புத்தகங்களில் பாதி கறையான் அரித்தவை. ஸ்கேன் முடிந்ததும் அவற்றைத் தொழிற்சாலைக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தச் சொல்லித் தலைமைக் காரியாலயத்திலிருந்து கடிதம் வந்தது. சிவசாமி கிளாக்கர் மட்டும் மறுத்தார். முப்பத்தொரு வருடம் வெள்ளிக்கல் ஒபீசில் இருந்தவர். ஹட்டனிலிருந்து ஜீவராஜ் நேரில் போய், ஐயா, இனிமேல் இது பத்திரமான இடத்தில் இருக்கும் என்று சொன்ன பிறகுதான் சாவியைக் கொடுத்தார்.

அந்த வருடமே எல்லாத் தோட்டத்து ஒபீசிலும் பழைய கொம்பியூட்டர்களை எடுத்துவிட்டுச் சின்னச் சின்னப் பெட்டிகளைப் பொருத்தினார்கள். பெட்டிக்குள் எதுவும் தங்காது. கிளாக்கர்மார் திரையில் பார்க்கும் எல்லாமே ஹட்டன் இயந்திரத்துக்குள் ஓடும். பெட்டி அதைக் கொண்டுவந்து காட்டும், அவ்வளவுதான். கொட்டகலையில் ஒரு மண்டபத்தில் கிளாக்கர்மாருக்கு ஒரு மணி நேரம் விளக்கம் கொடுத்தபோது, ஒரு லயத்துக்குள் பத்துக் காம்பரா இருக்கிற மாதிரி என்று ஜீவராஜ் ஆரம்பித்தான். கூரை ஒழுகினா எந்தக் காம்பராக்காரன் தம்பி ஏறுறது என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு விளக்கத்தைச் சுருக்கிக்கொண்டான். உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, நேற்றுச் செய்த வேலையை இன்றைக்கும் அப்படியே செய்யலாம் என்று முடித்தான். அவர்களுக்கு உண்மையிலேயே எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அதைத்தான் அவன் தன் வெற்றியாக நினைத்திருந்தான்.

கொழும்பு அழைப்பு வந்த பிறகு அவன் சிவசாமி கிளாக்கருக்குப் போன் எடுத்தான். மூன்றாவது முயற்சியில்தான் இணைப்புக் கிடைத்தது. விஷயத்தைச் சொன்னான். கிளாக்கர் நிதானமாகக் கேட்டார்:

“உங்க ஹட்டன் மெசின நம்பித்தான் நான் இருந்தேன்னு நெனச்சீங்களா தம்பி?”

தன்னிடம் தனியாக ஒரு பிரதி இருக்கிறது என்றார். மண் சரிந்த அன்றைக்கே அதைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாராம். எதில் வைத்திருக்கிறீர்கள் ஐயா என்று ஜீவராஜ் கேட்பதற்குள் இணைப்பு அறுந்தது.

மறுநாள் அதிகாலையில் டயகம பஸ்ஸில் ஏறினான். தலவாக்கலை வரைக்கும் பஸ் ஒழுங்காகப் போனது. லிந்துலைக்கு மேலே இரண்டு இடத்தில் பாதையின் பாதியைக் காணவில்லை. ஆட்கள் இறங்கி நடந்து, அந்தப் பக்கம் போய்த் திரும்ப ஏறினார்கள். வழியெல்லாம் கிளாக்கர் எதில் பிரதி எடுத்திருப்பார் என்றே யோசித்துக்கொண்டிருந்தான். பென் டிரைவ் என்றால் வாய்ப்பில்லை. வைரஸ் வரும் என்று எல்லாப் பெட்டிகளிலும் அந்தத் துவாரத்தை அடைத்தது அவனேதான். அச்சடித்திருக்கலாம். ஆனால் மை இல்லை என்று வெள்ளிக்கல் ஒபீசிலிருந்து இரண்டு கடிதம் வந்து அவனுடைய மேசையில்தான் கிடந்தது. ஒருவேளை கையால் எழுதி வைத்திருப்பாரோ. பழைய ஆள். எழுதக்கூடியவர்தான். அகரபத்தனை வரும்போது அதை அவன் நம்பவே தொடங்கியிருந்தான்.

பாடசாலைக்குப் போய்ச் சேரும்போது பதினொரு மணி. அவனுக்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. வாசலில் தோட்டத் தலைவர் சின்னராசா நின்றுகொண்டிருந்தார். சங்கத்துக்காரர், பேச்சில் யாரையும் விடமாட்டார்.

“நம்ம லயத்துல பொறந்த புள்ள ஹட்டன்ல உட்கார்ந்து நம்ம பேரை எல்லாம் தண்ணில கரைச்சுட்டான். லயத்துப் பக்கமே வராத கிளாக்கரய்யா காப்பாத்திக் குடுத்திருக்காரு. ஒலகம் தலைகீழாப் போச்சு தம்பி,” என்று சொல்லிவிட்டுத் தோளில் தட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யாரோ அவன் கையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணியைக் கொடுத்தார்கள். இரண்டு வாரமாக வகுப்பறைகளில் மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருக்கும் ஆட்கள் அவர்கள். திட்டியிருந்தால் அவனுக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஜெயந்தினி ஐந்தாம் வகுப்பு அறையின் மூலையில் பிள்ளைகளின் சட்டைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். மச்சான் போன் எடுத்தாரா என்று கேட்டான். எடுத்தாராம், பட்டியலில் பேர் போனதும் சொல்லச் சொன்னாராம். மேட்டு நிலத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததையும் சொன்னாள். தண்ணீர்க் குழாய் பக்கத்தில். வெயில் படுகிற இடம்.

சிவசாமி கிளாக்கருக்கு அதிபரின் அறைக்குப் பக்கத்தில் ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். வலது காலில் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை கட்டு. நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். ஜீவராஜைப் பார்த்ததும், பக்கத்திலிருந்த அலுமாரியைத் திறக்கச் சொன்னார். அதற்குள்ளே தேயிலைப் பை ஒன்று, வாய் சுருட்டிக் கயிறு கட்டியிருந்தது. அதற்குள் இன்னொரு பொலித்தீன் பை. அதற்குள் ஒரு துவாய். துவாயைக் கிளாக்கர் தானே பிரித்தார்.

உள்ளே அந்தச் சின்னப் பெட்டி இருந்தது.

கிளாக்கர் சொல்லத் தொடங்கினார். ஜீவராஜ் நிறுத்தவில்லை. ஹட்டனுக்கு அனுப்பியதை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. கண்ணால் காணாத இடத்தில் இருக்கும் பதிவு என்ன பதிவு? அதனால் புத்தகங்களைக் கொளுத்திய அந்த வாரமே, குடும்பப் பதிவு முழுவதையும் தன் கொம்பியூட்டரின் முகப்புத் திரையில் தனியாகப் பிரதி பண்ணி, அதற்குத் தன் பெயரையே வைத்தாராம். யாராவது பிறந்தால், இறந்தால், வந்தால், போனால் அதிலும் எழுதுவார். தினமும் காலையில் வேலையைத் தொடங்கும் முன் திறந்து பார்ப்பார். முன்பெல்லாம் மழைக்காலத்தில் பேர்ப் புத்தகத்தைக் குவாட்டர்சுக்கு எடுத்துக்கொண்டு போகிற மாதிரி, இந்தப் பெட்டியையும் சனிக்கிழமைகளில் கழற்றி எடுத்துக்கொண்டு போவாராம். அன்றைக்கு ஒபீசுக்குப் பின்னால் மண் முறியும் சத்தம் கேட்டு எல்லோரும் ஓடியபோது, பாதி தூரம் ஓடியவர் திரும்பிப் போனார். பெட்டியைக் கழற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஜன்னலால் குதித்தபோதுதான் தகரம் காலைக் கிழித்தது. பத்தொன்பது தையல். குவாட்டர்சும் போய்விட்டது. மகளின் படிப்புச் சான்றிதழ்கள் இருந்த சூட்கேஸ் அங்கேதான் இருந்தது.

“மக ஒரு வார்த்த பேச மாட்டேங்குறா. பரவால்ல. அறுபத்து மூணு வீடு தம்பி,” என்றார்.

ஜீவராஜ் பெட்டியைக் கையில் எடுத்தான். மிகவும் இலேசாக இருந்தது.

“ஐயா, வேற எங்கயாவது எழுதி வச்சீங்களா? கொப்பி, டயரி, ஏதாவது?”

“எதுக்கு? இதுல இருக்கே.”

“இதுல இல்லைங்க ஐயா.”

கிளாக்கர் அவனைப் பார்த்தார். கோபம் இல்லை, ஒரு சின்னக் கணக்கில் பிழை விட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“தெனமும் தொறந்து பார்த்தேன். போன மாசம் சிவலிங்கத்தோட பேரப்புள்ளைய எழுதினேன்.”

“நீங்க பார்த்தது ஹட்டன்ல இருந்ததைத்தான். இது அதக் காட்டுற பெட்டி மட்டுந்தான். டீவி மாதிரிங்க ஐயா. டீவிக்குள்ள ஆளுங்க இருக்க மாட்டாங்க.”

“வீட்டுக்குக் கொண்டு போனேனே.”

“கொண்டு போனீங்க. அப்பவும் உள்ள ஒண்ணும் இல்ல.”

வெளியே யாரோ குடத்தைக் கழுவும் சத்தம். கிளாக்கர் பெட்டியை வாங்கித் துவாயின் மேல் வைத்தார்.

“இத நீங்க அன்னைக்கே என்கிட்ட சொல்லல.”

“சொல்லல.”

“சொல்லியிருந்தா நான் புத்தகத்தக் குடுத்திருக்க மாட்டேன்.”

கிளாக்கர் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டு, போட்டுப் பார்க்கலாம் என்றார். பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது என்றார். ஜீவராஜ் வேண்டாம் என்றான். கிளாக்கர் அதற்குள் சின்னராசாவைக் கூப்பிட்டுவிட்டார்.

பாடசாலைக் கொம்பியூட்டர் அறையிலிருந்து ஒரு மொனிட்டரையும் கீபோர்டையும் கொண்டுவந்து பிரதான மண்டபத்தில் மேசை போட்டு வைத்தார்கள். ஜெனரேட்டரைப் பகலில் ஓட்டுவதில்லை, இதற்காக ஓட்டினார்கள். கூட்டம் சேர்ந்தது. முன்னால் பெண்கள் தரையில் உட்கார்ந்தார்கள். ஜீவராஜ் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: இதற்குள் பதிவு கிடையாது, இது ஹட்டனில் இருந்ததைக் காட்டிய பெட்டி, ஹட்டனில் இருந்தது அழிந்துவிட்டது, பிழை என்னுடையது. இரண்டு தடவை சொன்னான். ஆட்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். யாரும் எழுந்து போகவில்லை.

கிளாக்கர் பட்டனை அழுத்தினார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் கம்பனியின் அடையாளச் சின்னம் வந்ததும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. பிறகு ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது; அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. ஏ.எல். படித்த ஒரு பெண் அதை வாசித்துத் தமிழில் சொன்னாள்: சர்வரைத் தேடிக்கொண்டிருக்கிறதாம்.

“தேடுதுல்ல?” என்றார் சின்னராசா.

“தேடும். கெடைக்காது. அது இருந்த இடமே இல்ல தலைவரே.”

“இல்லன்னா இல்லன்னு சொல்லணும். அது தேடுதுன்னு சொல்லுது. நீங்க இல்லன்னு சொல்றீங்க. நாங்க யாரை நம்புறது?”

அவர் கிண்டலாகத்தான் தொடங்கினார். சொல்லி முடிக்கும்போது கிண்டல் இல்லை. ஜீவராஜ் பிளக்கைக் கழற்றப் போனான். ஒரு வயசாளி, இருக்கட்டும் தம்பி, டீசல் நம்ம பிரச்சன என்றார். ஒரு மணி நேரம் வட்டம் சுற்றியது. ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்தபோதுகூட ஓசைப்படாமல்தான் எழுந்தார்கள்.

வியாழக்கிழமை முழுவதும் ஜீவராஜ் நடந்தான். கிராம சேவகர், தோட்ட நிர்வாகத்தின் பதிவு இல்லாமல் தன்னால் எழுத முடியாது என்றார். பிரதேச செயலகத்தில் ஒரு நல்ல மனிதர், சத்தியக் கடதாசி கொடுத்தால் மேன்முறையீட்டில் பார்க்கலாம், அதற்குக் காலம் பிடிக்கும், இந்தக் கட்டத்து வீடுகள் இந்தப் பட்டியலோடு முடிந்துவிடும் என்று விளக்கினார். தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை தன் பங்களாவில் அவனை உட்காரவைத்தே பேசினார். பதிவில் இருக்கும் பெயருக்குத்தான் கையெழுத்து வைக்க முடியும். பதிவே இல்லாதபோது எதைப் பார்த்து வைப்பது? நாளைக்கு வெளி ஆள் ஒருவன் வந்து நானும் அந்த லயம்தான் என்றால் என்ன செய்வது? அவர் கேட்டதில் பிழை காண முடியவில்லை.

கிளாக்கரை ஜீப்பில் பங்களாவுக்கு அழைத்து வந்து பட்டியல் எழுத வைத்தார்கள். நாற்பத்தொரு பெயர்களையும் எழுதினார். எழுதி முடித்ததும் பேனாவை வைக்காமல், ஒன்றாம் காம்பராவிலிருந்து வரிசையாக மற்ற இருபத்திரண்டு குடும்பங்களையும் சொல்லத் தொடங்கினார். தலைவர் பேர், மனைவி பேர், பிள்ளைகள், வந்த வருடம். பதினேழாம் காம்பரா, ஜெயந்தினி, பிள்ளைகள் இருவர், வத்தளையிலிருந்து திரும்பியது சித்திரை மாதம். ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. தொரை குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டார். பிறகு, ஐ ஆம் சொறி சிவசாமி என்று சொல்லி, நாற்பத்தொரு பெயர் இருந்த தாளை மட்டும் எடுத்துக் கையெழுத்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு அந்தத் தாள் போனது.

தலைமைக் காரியாலயத்திலிருந்து அன்றைக்கு ஜீவராஜுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. புது இயந்திரம் அடுத்த மாதம் வருகிறது. இந்த முறை அதற்குள் ஆறு சர்வர்கள் ஓட்டலாம், ஆகவே பாதுகாப்பு இன்னும் அதிகம் என்று எழுதியிருந்தார்கள். அவன் அதைப் படித்துவிட்டுப் போனை மூடினான்.

ஜெயந்தினி வகுப்பறையில் சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை பாடசாலை திறக்கிறது. பட்டியலில் உள்ளவர்களுக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் எங்கே போவது என்று அவர்களுக்குத் தெரியும்.

“எங்க பேரு போகல, அப்படித்தானே அண்ணே?”

“போகல.”

அவள் பிள்ளைகளின் புத்தகங்களை ஒரு பையில் திணித்தாள். ஹட்டனுக்கு வந்து என்னோடு இரு என்று அவன் சொன்னான். அவன் இருப்பது ஒரு கடையின் மேல்மாடியில், இன்னும் இரண்டு பேரோடு. அது அவளுக்கும் தெரியும். நேற்றுப் போய்க் காம்பராவைக் கூட்டிவிட்டு வந்தாளாம். பின்சுவர்தான் பயமாக இருக்கிறது. முன்பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம் என்றாள்.

“செவுரு சாஞ்சதுல கதவு சாத்த மாட்டேங்குது. அடுத்த முறை வரும்போது நீளமா ஒரு கொண்டி வாங்கிட்டு வாங்க.”

எவ்வளவு நீளம் என்று கேட்டான். அவள் இரண்டு கைகளையும் விரித்து, கொஞ்சம் யோசித்து, இன்னும் சற்று அகலமாக விரித்துக் காட்டினாள்.